மலையேறிய கப்பலும் மேலேரித் தண்ணீரும்

புங்கங்கொட்டாயில் ராமக்காள் மதித்த ஆள் என்று ஒருவரும் கிடையாது. காரிமங்கலத்துக்கு மேற்கே நாலு மைல் நடந்தால் வருகிற அந்த ஊரில் அப்போது அறுபது வீடு இருந்தது. அறுபதையும் ஒரே பார்வையில் அளந்து, உதட்டைப் பிதுக்கி, ஒதுக்கி வைத்திருந்தாள். ஊருக்குப் பெரியவரான மாது கவுண்டர் அவளுக்கு 'மீசை வெச்ச பூசணிக்கா'. பள்ளிக்கூட வாத்தியார் ராஜாமணி 'குடை புடிச்ச கொக்கு'. கூடப் பிறந்த தம்பி முனியப்பனுக்கு மட்டும் அவள் பேர் ஒன்றும் வைக்கவில்லை. பேர் வைக்கிற அளவுக்குக்கூட அவனிடம் ஒன்றும் இல்லை என்பது அவள் எண்ணம்.

ஊரும் சளைக்கவில்லை. அவளுக்குக் 'கப்பலேத்தி' என்று பேர் வைத்திருந்தது. கப்பல் மலைமேல் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன் என்று அவள் ஒரு தரம் சொல்லித் தொலைத்ததால் வந்த பேர் அது.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

பதினைந்து வயதில் கடத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். கட்டினவன் இரண்டு வருஷத்தில் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனான். அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். ஊர் அவளை உட்கார்ந்து அழச் சொன்னது. ராமக்காள் அழவில்லை. "அவன் போனதுக்கு நான் எதுக்கு அழுவணும்? சோறாக்குற வேலை கொறைஞ்சுது" என்றாள். சேலத்துக்குப் போய், ரயில்வே என்ஜினியர் துரை ஒருவர் வீட்டில் பிள்ளை பார்க்கிற ஆயாவாகச் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்தாள். இங்கிலீஷ் காதில் விழுந்து விழுந்து வாயிலும் கொஞ்சம் வந்தது.

1939இல் துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியது. வழியில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று துரைசானி அவளையும் அழைத்தாள். சொல்லிக்கொண்டு போக ராமக்காள் ஊருக்கு வந்தபோது, முனியப்பன் கதவுக்குக் குறுக்கே நின்றான்.

"கடலைத் தாண்டிட்டு இந்த வூட்டுக்குள்ள கால வெக்காத அக்கா. ஊர்ல என்னா சொல்லுவாங்க?"

"ஊரு சொல்றதைக் கேக்கறதுக்குத்தான் நீ இருக்கியேடா" என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தில்தான் முதல் கால்வாயைப் பார்த்தாள். சூயஸ். இரண்டு பக்கமும் மணல், நடுவில் கப்பல். மேல்தட்டில் நின்று பார்த்தால் மணல்மேல் கப்பல் ஓடுகிறது போலவே இருக்கும். கரையில் ஒட்டகம் கூடவே நடந்து வந்தது. கதவு இல்லை, ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. இந்தக் கடல் தண்ணீர் நேராக அந்தக் கடலில் போய்ச் சேருகிறது. வெட்டிவிட்ட வாய்க்கால், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று அவளுக்குப் பட்டது. இதற்கா வெள்ளைக்காரர்கள் மேல்தட்டில் வரிசை கட்டி நின்று தொப்பியைத் தூக்குகிறார்கள் என்று நினைத்தாள்.

லண்டன் போய்ச் சேர்ந்த மறு வாரம் துரைசானி அவளைக் கைகழுவினாள். திரும்பிப் போக டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொன்ன வாய், 'நிலைமை மாறிவிட்டது' என்றது. பன்னிரண்டு வருஷம் அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளைகள் ஜன்னலிலிருந்து கை ஆட்டின. ராமக்காள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைப் போலக் கைவிடப்பட்ட ஆயாக்கள் தங்குகிற விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. அதற்குள் சண்டை வந்தது. அடுத்த வருஷம் இத்தாலிக்காரனும் சண்டையில் இறங்க, சூயஸ் பக்கம் போகிற வழி அடைபட்டது. அந்த நேரம் பார்த்து நியூசிலாந்துக்குப் போகிற குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு ஆயா தேடியது. அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பி வைக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வருவேன் என்று நின்றாள். போட்டார்கள்.

அந்தக் கப்பல் உலகத்தை மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது. அப்படித்தான் பனாமா வந்தது.

என்ஜின் அறையில் நாகூர்க்காரர் ஒருவர் இருந்தார், காதர் மீரா என்று பேர். முப்பது வருஷம் கடலில் கரி தள்ளியவர். தமிழ் பேச ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், வேலை ஓய்ந்த நேரமெல்லாம் மேலே வந்து நிற்பார். கப்பல் கரையை நெருங்கிய காலையில், எதிரே பச்சைக் குன்றும் அதன் நடுவே படிப்படியாகச் சிமெண்ட்டுச் சுவரும் தெரிந்தன. துப்பாக்கி பிடித்த அமெரிக்கச் சிப்பாய்கள் கப்பலில் ஏறி ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டார்கள்.

"இப்ப இது மேல ஏறப் போவுது தங்கச்சி" என்றார் காதர் மீரா.

"எது?"

"நம்ம கப்பல்தான். எம்பத்தஞ்சு அடி."

ராமக்காள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். முப்பது வருஷம் கரிப்புகை குடித்தால் மூளை இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டாள்.

கப்பல் போய் ஒரு தொட்டிக்குள் நின்றது. தொட்டி என்றால் ஆயிரம் அடி நீளம், இரண்டு பக்கமும் சுவர். சுவர்மேல் தண்டவாளம் போட்டு, சின்னச் சின்ன மின்சார வண்டிகள் கம்பியால் கப்பலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருந்தன, முரட்டுக் காளையை மூக்கணாங்கயிறு போட்டு இரண்டு பேர் பிடிப்பது போல. பின்னால் இரும்புக் கதவு மூடியது. ஒரு கதவின் கனமே ஏழு அடி. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து தண்ணீர் குமுறிக்கொண்டு வந்தது. எங்கும் பம்பு ஓடுகிற சத்தம் இல்லை. கண்ணெதிரே இருந்த ஈரச் சுவர் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. சுவர் இறங்கவில்லை, தான்தான் ஏறுகிறோம் என்று உறைத்தபோது ராமக்காள் கைக்குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு தள்றாங்க இந்தத் தண்ணிய?"

"யாரும் தள்ளல. மேல ஒரு ஏரி இருக்கு. ஆத்தைக் கட்டி நிறுத்தி, மலைக்கு நடுவுல மனுசன் உண்டாக்குன ஏரி. அதுலேருந்து தண்ணி தானா எறங்கி, தரையில உள்ள ஓட்டை வழியா இந்தத் தொட்டிய நிறைக்குது. மேல உள்ள மட்டமும் இங்க உள்ள மட்டமும் ஒண்ணாயிட்டா முன்கதவு தொறக்கும். அடுத்த தொட்டிக்குப் போவோம். இப்புடி மூணு படி."

"மட்டம் ஒண்ணாவறதுக்கு முன்னாடி தொறந்தா?"

"தொறக்கவே முடியாது. தண்ணியே கதவைச் சாத்திப் புடிச்சுக்கும். தள்ளத் தள்ள இறுகும்."

மூன்று படி ஏறியதும் பார்த்தால் ஏரி. தண்ணீருக்கு நடுவே மூழ்கிப்போன காட்டின் மொட்டை மரங்கள் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. காதர் மீராவின் ஆட்கள் வாளியைக் கயிறு கட்டி இறக்கி, தண்ணீர் மொண்டு துணி துவைத்தார்கள். வாரக்கணக்காக உப்புத் தண்ணீரில் நுரைக்காத சோப்பு பொங்கி வழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ராமக்காள் முழுதாக நம்பினாள். மனுஷன் பேச்சை நம்ப வேண்டியதில்லை. சோப்பு பொய் சொல்லாது.

அன்று பொழுது சாய்வதற்குள் மலையை வெட்டிய சந்து வழியாகப் போய், ஏறிய மாதிரியே மூன்று படி இறங்கி, மறு கடலில் மிதந்தார்கள். ஏறினாலும் இறங்கினாலும் ஏரித் தண்ணீர்தான் செலவு. ஒரு கப்பல் போய்வர ஒரு ஊர்க் குளத்துக்குமேல் தண்ணீர் கடலில் கொட்டுகிறது. மழை பெய்து ஏரியை நிரப்பாவிட்டால் கால்வாய் படுத்துவிடும்.

"அப்ப ஒரு கடலு உசரம், ஒரு கடலு தாழ்வு, அதுக்குத்தான் கதவுங்களா?" என்று கேட்டாள்.

காதர் மீரா சிரித்தார். "எல்லாரும் அப்புடித்தான் நெனைக்கிறாங்க. ரெண்டு கடலும் கிட்டத்தட்ட ஒரே மட்டந்தான். இந்தப் பக்கம் ஏத்த வத்தம் ஜாஸ்தி, அவ்வளவுதான். நடுவுல மலை. அதை அடிவரைக்கும் வெட்ட முடியல. அதனால கப்பலைத் தூக்கி அந்தாண்ட எறக்குறாங்க. சூயஸ் வெட்டுறதுக்கு முன்னாடியும் இப்புடித்தான், படிச்சவங்க அளந்து பாத்து ஒரு கடலு முப்பது அடி உசரம்னு எழுதி வெச்சாங்களாம். ரொம்ப வருசம் பயந்துகிட்டு கெடந்தாங்க. கடைசியில கணக்கே தப்பு."

படித்தவர்கள்மேல் ராமக்காளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றைக்குப் பசிபிக்கில் விழுந்து முழுகியது.

1941 கடைசியில் ஊர் வந்து சேர்ந்தாள். அவள் போகும்போது தர்மபுரிக்கு ஓடிய சின்ன ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கியிருந்தார்கள். மொரப்பூரிலிருந்து பஸ்ஸிலும் கால்நடையிலுமாக வந்தாள். கடல் தாண்டியதற்குத் தீட்டுக் கழித்துக் கோயிலுக்கு ஆடு வெட்டச் சொன்னார் மாது கவுண்டர். "நான் போனதுக்கு ஆடு என்னா பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு, கீழேரிக்கு அடியில் அப்பன் அவள் பேருக்கு விட்ட அரை ஏக்கரில் ஒரு கொட்டாய் போட்டுக்கொண்டாள். முனியப்பனின் வயல் பக்கத்திலேயே. வரப்பில் எதிர்ப்பட்டால் அவன் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

ஒரு நாள் காப்பிக் கடை வாசலில், சண்டைச் செய்தி வாசித்த ராஜாமணி வாத்தியார் பனாமா என்று சொல்லப்போக, அவள் வாயைத் திறந்தாள். கப்பல் ஏறிய கதையைச் சொன்னாள். கடை அதிரச் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்காமல் திருத்தினார்.

"கதவு இருக்கறது வாஸ்தவம். பசிபிக் சமுத்திரம் உயரம், அட்லாண்டிக் தாழ்வு. அந்த வெள்ளம் இந்தப் பக்கம் பாயாம இருக்கத்தான் கதவு. கப்பல் மலை ஏறுதுங்கறது சுத்தப் பொய்."

"நீங்க போயிப் பாத்தீங்களா?"

"புஸ்தகத்துல இருக்குது."

"அப்ப புஸ்தகத்துமேலயே ஏறிப் போங்க" என்று எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் கப்பலேத்தி.

1944 தை மாதம் வந்தது. மழை அந்த வருஷம் அரைகுறை. ஊருக்கு இரண்டு ஏரி. மேலேரி கொஞ்சம் நிறைந்திருந்தது. கீழேரி காய்ந்து கிடந்தது. கீழே நெல் பொதி கட்டி, கதிர் வெளிவரக் காத்திருக்கிற சமயம். வழக்கப்படி மேலேரி மதகைத் திறந்து தண்ணீர் விட்டார்கள். இரண்டு ஏரிக்கும் நடுவே வாய்க்கால் ஒரு கரட்டு மேட்டை வெட்டிக்கொண்டு போகும். அந்த இடத்தில் நாற்பது தப்படி தூரத்துக்கு ஒன்றரை ஆள் ஆழம். இரண்டு பக்கமும் பாறை. அந்த வெட்டு முடிகிற இடத்தில் ஒரு கல்பாலம். வெட்டுக்கு மேலே இடது கரையில் பச்சியப்பன் நிலம். ஊரிலேயே கரும்பு போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான். மேட்டு நிலம் என்பதால் ஏரிப் பாசனத்தில் அவனுக்குப் பங்கு கிடையாது, கிணறுதான்.

பத்து நாள் ஓடியும் கீழேரியில் முழங்கால் மட்டம்கூடத் தேறவில்லை. வெயில் குடித்துவிட்டது என்றார்கள். எலி வளை என்றார்கள். காரிமங்கலம் சந்தை நாளில் ஊரே காலியாகிவிடும். சந்தைக்கூட்டம் பிடிக்காத ராமக்காள் மட்டும் வயலில் இருந்தாள். முற்பகலில் ஏரிக்கரைமேல் ஏறிப் பார்த்தபோது, வாய்க்காலில் வந்துகொண்டிருந்த தண்ணீர் நூலாகச் சிறுத்து நின்றது. வாய்க்கால் கரையோடு மேலே நடந்து போனாள். பச்சியப்பனும் அவன் ஆளும் கல்பாலத்தடியில் கனத்த பலகைகளைச் சொருகிக்கொண்டிருந்தார்கள். பாலத்துக் கல்லில் பழைய காலத்துக் காடி, பலகை செருகுகிற நீளப் பள்ளம், இரண்டு பக்கமும் இருந்தது. பலகை அதில் பொருத்தமாய் உட்கார்ந்தது. அவள் தள்ளி ஒரு புதர் ஓரம் நின்று கடைசிவரை பார்த்தாள்; பாலத்தடியில் அவர்கள் குனிந்து கை செய்கிற வேலை மட்டும் அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. பார்த்ததும் கோபம் வருவதற்கு முன் சிரிப்பு வந்தது. பனாமாவை இந்த முண்டம் எங்கே போய்க் கற்றுக்கொண்டது?

மறுநாள் காலை கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூடியது. அவள்தான் கூட்டினாள். பச்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"என் நெலம் வாய்க்காலுக்கு ஒன்றரை ஆள் மேல இருக்குதுங்க. வாய்க்காத் தண்ணிய நான் திருடுனன்னா அது எப்படி மேல வந்துச்சு? தண்ணி என்னா, பனைமரம் ஏறுதா?"

கூட்டம் சிரித்தது. அவன் தைரியம் கூடியது. "இவ பேச்சைக் கேட்டீங்கன்னா கப்பல் மலை ஏறும், தண்ணி மேடு ஏறும். நாளைக்கு நம்ம எருமைங்க பறக்குதும்பா."

மாது கவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் குடையை ஊன்றி எழுந்தார். "நீர் எப்போதும் பள்ளம் நோக்கியே பாயும். இது சாஸ்திரம்."

"பாயட்டும்" என்றாள் ராமக்காள். "நான் ஏறுதுன்னு சொன்னனா? ஏரித் தண்ணி மட்டம் மேல இருக்குதா, பச்சியப்பன் நெலம் மேல இருக்குதா?"

கூட்டம் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அப்படி ஒருவரும் யோசித்ததே இல்லை என்பது முகங்களில் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த கூட்டம்!

"ஏரிதான் மேல" என்றான் பின்னாலிருந்து ஒருவன். முனியப்பன்தான். சொல்லிவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த வெட்டுல கீழ்ப்பக்கம் அடைச்சா தண்ணி போக வழியில்ல. நெறைஞ்சு நெறைஞ்சு ஏரி மட்டத்துக்கு வந்து நிக்கும். நின்னுச்சுன்னா இவன் கரும்புக் கொல்லைக்கு மேல நிக்கும். கரையில ஒரு கோடு கிழிச்சுவுட்டாப் போதும், உள்ள பாயும். வேலை முடிஞ்சதும் பலகையை உருவுனா வெட்டு காலி. ராத்திரியிலயும் சந்தை நாளுலயும் பண்ணா எவனுக்கும் தெரியாது."

"கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவியா?" என்றார் மாது கவுண்டர்.

"சத்தியம் எதுக்குங்க? பலகையை எடுத்தாந்து போட்டுப் பாருங்க. கப்பல் ஏறுறதையும் சேர்த்தே காட்டறன். பச்சியப்பன் வெல்லம் காய்ச்சுற கொப்பரை இருக்குதில்ல, அதைத் தூக்கியாங்க."

வம்பை இழுத்துவிட்டாள் என்று ஊருக்கே உற்சாகம் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை, வேடிக்கை வேண்டியிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆறு பேர் சேர்ந்து ஆறடி அகலக் கொப்பரையை உருட்டிக்கொண்டு வந்து, வெட்டுக்குள் இறக்கினார்கள். கணுக்கால் தண்ணீரில் அது தரைதட்டி நின்றது.

"ஏறுங்க வாத்தியாரே" என்றாள். "பசிபிக்குக்குப் போலாம்."

வாத்தியார் மறுத்தார். ஊர் விடவில்லை. ஒல்லியான ஆள், நாலு கை தூக்கி வைத்ததும் கொப்பரைக்குள் குடையோடு உட்கார்ந்துவிட்டார்.

பச்சியப்பன் வீட்டுக் கொல்லையில் கிடந்த பலகைகளையே கொண்டுவந்து காடியில் சொருகினார்கள். மதகில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் ஆகியும் முழங்காலுக்குமேல் ஏறவில்லை. பலகை இடுக்கு வழியாகப் பீய்ச்சிக்கொண்டு ஓடியது. முதலில் ஒருவன் சிரித்தான்; பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பச்சியப்பன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.

ராமக்காளுக்குக் காது சுட்டது. கதவும் தொட்டியும் பார்த்தாளே ஒழிய, இடுக்கை எப்படி அடைத்தார்கள் என்று அவள் காதர் மீராவைக் கேட்டதில்லை. ஊர் முழுவதையும் முட்டாள் என்று ஒதுக்கியவள் ஊருக்கு நடுவே முட்டாளாக நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். காடிக்குள் கையை விட்டுத் தடவினாள். ஏதோ பிசுபிசுத்தது. பிடுங்கிப் பார்த்தாள். களிமண். இன்னும் காயாத களிமண். அதோடு பிசைந்து வைத்த காய்ந்த கரும்புச் சோகை.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேலே ஏறி, மாது கவுண்டர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நம்ம ஊர்ல யாரு யாரு கரும்பு போட்டிருக்கீங்க? கை தூக்குங்க."

சிரிப்பு நின்றது. பச்சியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

அதே மாதிரி களிமண்ணும் சோகையும் பிசைந்து இடுக்கை அடைத்தார்கள். பிறகு தண்ணீர் சொன்னபடி கேட்டது. தள்ளத் தள்ளப் பலகை காடிக்குள் இறுகியது. கொப்பரை அசைந்தது, ஆடியது, மிதந்தது. வெட்டின் விளிம்புக்கு மேலே குடையின் நுனிதான் முதலில் தெரிந்தது. அப்புறம் குடை. அப்புறம் வாத்தியாரின் வழுக்கை. முக்கால் மணி நேரத்தில், கொப்பரை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு, வாத்தியார் மாது கவுண்டரின் மீசைக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"கண்ணைத் தொறங்க. யாரும் தூக்கல, யாரும் தள்ளல" என்றாள் ராமக்காள். "புஸ்தகத்துல எழுதிக்குங்க."

இடது கரையில் புல்லை வைத்து மூடியிருந்த ஒரு சின்ன வெட்டு இருந்தது. அவள் காலால் புல்லைத் தள்ளினாள். தண்ணீர் பழகின வழியில் போகிற மாடு மாதிரி, தயங்காமல் கரும்புக் கொல்லைக்குள் நுழைந்தது. பச்சியப்பன் பாதம் நனைந்தது. 

அன்று சாயங்காலமே தீர்ப்பு. பச்சியப்பன் கிணற்றுத் தண்ணீரைக் கீழ்வயலுக்கு ஐந்து நாள் இறைத்துவிட வேண்டும். சரி. பலகைகளை என்ன செய்வது? உடைத்துப் போடுவார்கள் என்று ராமக்காள் நினைத்தாள். மாது கவுண்டர் தொண்டையைச் செருமினார்.

"நல்ல பலகை. வீணாக்கக் கூடாது. ஊர்ப் பொதுவுல இருக்கட்டும். நம்ம கோயில் சாவடியிலயே வெச்சுக்கலாம்."

வெட்டுக்கு வலது கரையில் மாது கவுண்டரின் நிலம் இருந்தது. அதுவும் மேடு. ராமக்காள் அவர் முகத்தைப் பார்த்தாள். பூசணிக்காய்க்கும் புத்தி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்து இன்னொருத்தனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கூட்டத்தில் ஒருவனுக்காவது இது உறைக்கிறதா என்று பார்த்தாள். எல்லோரும் வாத்தியார் கொப்பரையில் வந்த அழகைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

மறுநாள் காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் நடுவிலேயே நடந்து போனாள். ஒளிந்து செய்ய அவள் பச்சியப்பன் இல்லை. கல்பாலத்தடியில் இறங்கி, காடி இருந்த கல்லை உடைக்க ஆரம்பித்தாள். கருங்கல், பொறி பறந்ததே தவிரச் சில்லுகூடப் பெயரவில்லை. கீழ்வயல்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கரையில் நின்றார்கள். எவனும் இறங்கவில்லை. யாரோ போய்ச் சொல்ல, மாது கவுண்டரும் வந்துவிட்டார்.

"ராமக்கா, ஊர்ச் சொத்தை ஒடைக்கறது தப்பு."

"இது எந்த ஊருச் சொத்துன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள், நிமிராமலே.

அப்போது கரையிலிருந்து ஒரு ஆள் குதித்தான். முனியப்பன். கையில் சம்மட்டி. அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கவுண்டரின் முகத்தையும் பார்க்காமல், அவள் கடப்பாறை முனையை வைத்த இடத்தில் ஓங்கி ஒரு போடு போட்டான். கல் விரிந்தது.

"முப்பது வயசுக்கு இப்பத்தான் கை நீண்டுச்சா?" என்றாள்.

"பேசாத புடி அக்கா" என்றான்.

இரண்டு பக்கக் காடியும் மதியத்துக்குள் உடைந்து விழுந்தது. இனி எந்தப் பலகையும் அங்கே உட்காராது. மாது கவுண்டர் கரையில் இருந்த கீழ்வயல்காரர்கள் இருபது பேரையும் ஒரு தடவை எண்ணுகிற மாதிரி பார்த்தார். பிறகு அவசர வேலை இருப்பவர் போலப் போய்விட்டார்.

அந்த வருஷம் கீழேரிக்குக் கீழே நெல் தப்பிப் பிழைத்தது. முழு விளைச்சல் என்று சொல்ல முடியாது. பதர் கொஞ்சம் கூடத்தான். ஆனால் களத்தில் நெல் குவிந்தது. அறுப்பு முடிந்த அன்று முனியப்பன் பெண்டாட்டி சின்னக்கா ஒரு சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொட்டாய் வாசலில் வைத்தாள். "வூட்டுக்கு வரச் சொன்னாருங்க" என்றாள். ராமக்காள் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு கம்மி" என்றாள். ஆனால் போனாள். கடல் தாண்டிய கால் அந்த வாசலில் பட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

ராஜாமணி வாத்தியார் பள்ளிக்கூடத்தில், தாமே கொப்பரையில் ஏறிப் பரிசோதனை செய்து பனாமாத் தத்துவத்தை நிரூபித்ததாகப் பாடம் நடத்துவதாகக் கேள்விப்பட்டாள். தூ என்று துப்பிவிட்டு வெற்றிலையை மடித்தாள். அந்தக் கொக்குக்கு அதாவது கிடைக்கட்டும்.

1946இல் மேலேரி மதகைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் இறந்தார். யாரிடம் விடுவது என்று பேச்சு வந்தபோது, கீழ்வயல்காரர்கள் ஒரே குரலாக ராமக்காள் பேரைச் சொன்னார்கள். பொம்பளை எங்கேயாவது மதகு திறந்தது உண்டா என்று மாது கவுண்டர் கேட்டார். கேட்கத்தான் முடிந்தது. கேள்விப்பட்டதும் ராமக்காள் சாவடிக்குப் போய், எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள்:

"உங்களை நம்பி நான் இந்த வேலைக்கு வரல. உங்கள்ல ஒருத்தரையும் நம்ப முடியாதுன்னுதான் வர்றன்."

யாருக்கும் கோபம் வரவில்லை. அது உண்மை என்று அவர்களுக்கே தெரியும் போலிருந்தது.

அடுத்த தையில் முதல் தண்ணீர். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மதகுக் கல்மேல் நின்று, உள்ளே இறங்கி, அடைப்பைத் தூக்கிவிட்டு ஈரச் சேலையோடு கரையேறினாள். மாது கவுண்டர் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். ஊர் ஆம்பளைகளில் அவளை 'ங்க' போட்டுப் பேசிய முதல் ஆளும் அவரே.

"வலது பக்கத்து மடையில ஒரு அரை நாழி வுட்டீங்கன்னா, ஏரிக்கு அடியில இருக்கற நம்ம நெல்லு நனைஞ்சுடும் பாருங்க..."

ராமக்காள் முந்தானையைப் பிழிந்தாள்.

"உங்க முறை வியாழக்கிழமைங்க கவுண்டரே. வியாழக்கிழமை வாங்க."